காட்டுக் கணக்கில் காளான் எங்கே?

தருமபுரி மாவட்டத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு. அந்தக் காட்டில் யானை எத்தனை என்று கணக்கெடுக்கிறோம். பறவைகளை எண்ணுகிறோம். சிறுத்தையின் காலடித் தடத்தை அளந்து குறித்துக்கொள்கிறோம். வேங்கை, தேக்கு, ஈட்டி, சந்தனம் என்று மதிப்புள்ள மரங்களுக்குச் சுற்றளவோடு பதிவு உண்டு. மழை பெய்த சில நாளில் அதே காட்டில் சருகை விலக்கிக்கொண்டு எழும் காளானுக்கு மட்டும் கணக்கு இல்லை. அது எத்தனை வகை, எந்த மரத்தடியில் வருகிறது, முன்பு வந்த இடத்தில் இப்போது ஏன் வரவில்லை என்று கேட்பது எந்த அதிகாரியின் வேலையும் அல்ல.

யானையும் காளானும் ஒன்றா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்றல்லதான். யானை போய்விட்டால் காடு மெலியும், மாறும், ஆனாலும் நெடுங்காலம் காடாகவே இருக்கும். பூஞ்சை இல்லாவிட்டால் விழுந்த இலை விழுந்த இடத்திலேயே குவியும். பட்ட மரம் பட்டபடியே கிடக்கும். செம்மண்ணில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்து வேருக்கு எட்டாது. அடுத்த தலைமுறைக் கன்றுக்கு உணவு கிடைக்காது. எது பெரிய உயிர் என்பதை உடம்பின் அளவை வைத்து முடிவு செய்யும் பழக்கம் நம்மைவிட்டுப் போகவில்லை.

பூஞ்சை தாவரம் அல்ல. அதற்குப் பச்சையம் கிடையாது. வெயிலை உணவாக்கத் தெரியாது. அதன் செல்சுவரில் இருப்பது கைட்டின், நண்டின் ஓட்டிலும் வண்டின் முதுகிலும் இருக்கும் அதே பொருள். மரபணு வழியில் பார்த்தால் அது செடிகொடிகளைவிட நமக்குத்தான் நெருங்கிய உறவு. காளான் என்று நாம் பறிப்பது அதன் உடலும் அல்ல; மாமரத்துக்கு மாம்பழம் எப்படியோ அப்படி. உடல் மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் சருகுக்குள்ளும், தலைமுடியைவிட மெல்லிய இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. உலகில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட பூஞ்சை இனங்கள் ஏறக்குறைய 1.5 லட்சம். மொத்தம் 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்று டேவிட் ஹாக்ஸ்வொர்த்தும் ராபர்ட் லூக்கிங்கும் 2017இல் மதிப்பிட்டார்கள். அதாவது, பத்தில் ஒன்றுக்குக்கூட இன்னும் பெயர் வைக்கவில்லை.

காளான் என்றால் சோலைக்காடு, பனிமூட்டம், ஈரம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும், வெள்ளைப் புள்ளி வைத்த சிவப்புக் குடைக் காளான் நம் மண்ணுக்கு உரியதே அல்ல. நட்டு வளர்த்த வெளிநாட்டுப் பைன் மரங்களின் வேரோடு வந்து குடியேறியது. தருமபுரியின் காடு வேறு மாதிரி. பெரும்பகுதி வறண்ட இலையுதிர்க் காடு, மீதியில் நிறைய முட்புதர்க் காடு. உசிலை, வெக்காலி, வேங்கை என்று வறட்சி தாங்கும் மரங்கள். காவிரிக் கரையோரம் நீர்மருது நிழல். மேலே சித்தேரியிலும் வத்தல்மலையிலும் ஆயிரம் மீட்டர் உயரத்தையொட்டிக் கொஞ்சம் குளிர்ச்சி. ஆண்டின் பெரும்பகுதி மண் காய்ந்து கிடக்கும். இலை கொட்டுவது மொத்தமாகக் கோடையை ஒட்டி. அது மட்குவதற்கான ஈரம் கிடைப்பதோ சில மாதங்கள். அந்த அவகாசத்துக்குள் ஓராண்டுச் சருகைச் செரித்து மண்ணில் சேர்த்தாக வேண்டும். ஈரக்காட்டைவிட இங்கேதான் பூஞ்சைக்கு நெருக்கடி அதிகம், இங்கேதான் அதன் வேலைக்கு மாற்று ஆள் குறைவு.

மரத்தை மரமாக விறைக்கச் செய்வது லிக்னின் என்ற பொருள். அதை உடைப்பது எளிதல்ல. சில பாக்டீரியாக்கள் கொஞ்சம் கைவைக்கும். முழுமையாக உடைத்துக் கரியமில வாயுவும் தண்ணீரும் ஆக்கும் திறமை வெண்ணழுகல் பூஞ்சைகளுக்குத்தான் உண்டு. விறகுக் கட்டையில் விசிறி விசிறியாக ஒட்டியிருக்கும் சாம்பல் நிறக் காளான், பட்ட கிளையில் செங்கல் நிறத்தில் தட்டுப்போல நீட்டிக்கொண்டிருக்கும் காளான் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. கையில் எடுத்தால் தக்கை போல உதிரும் வெளுத்த மரக்கட்டை அவை செய்த வேலை.

ஆனால் மழை நின்ற பிறகு என்ன ஆகிறது? மேல்மண் காய்ந்ததும் இந்தப் பூஞ்சைகள் ஓய்ந்துவிடும். அங்கேதான் கறையான் வருகிறது. அரூர், பென்னாகரம், பாலக்கோடு பகுதிகளில் எந்தக் காட்டு வழியில் போனாலும் கண்ணில் படும் செம்மண் புற்றுகளில் பல, பூஞ்சை வளர்க்கும் கறையான்களுடையவை. கறையானுக்கு மரத்தை முழுதாகச் செரிக்கத் தெரியாது. அதற்கு ஒரு கூட்டாளி வேண்டும். வேலைக்காரக் கறையான்கள் சருகையும் சுள்ளியையும் தின்றுவிட்டு வந்து, பாதி செரித்த கழிவைக் கொண்டு புற்றுக்குள் தேனடை போன்ற அடுக்குகளைக் கட்டுகின்றன. கழிவோடு பூஞ்சையின் வித்தும் சேர்ந்தே வருகிறது. அந்த அடையில் பூஞ்சை வளர்ந்து லிக்னினை உடைக்கிறது. வெள்ளை வெள்ளையாகச் சிறு மணிகளைக் கொடுக்கிறது. கறையான்கள் மணிகளையும், பழுத்த அடையையும் தின்கின்றன. மனிதன் உழவு தொடங்கிச் சுமார் 10,000 ஆண்டு ஆகிறது. கறையான் இந்த வேளாண்மையைத் தொடங்கி 3 கோடி ஆண்டு ஆகிறது.

புற்றுக்குள் ஆண்டு முழுக்க ஈரமும் ஏறக்குறைய ஒரே வெப்பமும் இருக்கும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் உள்ளே மட்குதல் நடந்துகொண்டே இருக்கும். வறண்ட காட்டின் உரக்கிடங்கு ஓய்வே இல்லாமல் இயங்குவது இப்படித்தான். 2015-16 எல் நினோ வறட்சியின்போது போர்னியோ மழைக்காட்டில் நடந்த ஒரு சோதனை, 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. கறையான் இருந்த இடங்களில் சருகு மட்குதலும் மண் ஈரமும் குறையாமல் இருந்தன, கன்றுகள் பிழைத்தன. கறையானை அகற்றிய இடங்களில் அப்படி இல்லை. மழைக்காட்டுக்கே இந்தக் கதி என்றால், வறட்சியே வாடிக்கையான காட்டில் ஒரு புற்றை இடிப்பது எதை இடிப்பது என்று யோசிக்க வேண்டும். தோட்டக்காரர்களுக்குக் கறையான் எதிரிதான், மறுக்கவில்லை. காட்டில் அப்படி இல்லை.

மழை கொட்டியதும் அந்த அடையிலிருந்து பூஞ்சை ஒரு நீண்ட காம்பை மேல்நோக்கி அனுப்புகிறது. மண்ணைத் துளைப்பதற்கென்றே குடையின் உச்சியில் ஒரு கூர்மூக்கு. வெளியே வந்து விரிந்தால் அதுதான் நம் புற்றுக்காளான். பிடுங்கினால் முழம் நீளத்துக்குக் காம்பு தொடர்ந்து வரும். இந்த உறவைப் பற்றிய பழைய எழுத்துப் பதிவுகளில் ஒன்று தமிழ் மண்ணிலிருந்தே போனது. தரங்கம்பாடிக்கு 1768இல் வந்த மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான யோஹான் கெர்ஹார்ட் கோனிக், 1779இல் கறையானைப் பற்றி எழுதிய கட்டுரையில் புற்றுக்குள் வளரும் பூஞ்சையைக் குறிப்பிடுகிறார். சரியாக 200 ஆண்டு கழித்து, 1979இல், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் கே.நடராஜன் தென்னிந்தியப் புற்றுக்காளான் ஒன்றை அறிவியலுக்குப் புதிய இனமாக விவரித்தார். ‘டெர்மிட்டோமைசிஸ் ஹைமி’ என்பது அதன் பெயர். இத்தனை கோடி ஆண்டாகக் கறையான் செய்துவரும் சாகுபடியை நம்மால் இன்றுவரை கொட்டகையில் செய்ய முடியவில்லை. பால் காளானை வளர்க்க முடிந்தது. அதுவும் ஒரு காலத்தில் காட்டுக் காளான்தான். மேற்கு வங்கத்திலிருந்து 1974இல் விவரிக்கப்பட்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தால் 1998இல் ‘ஏ.பி.கே. 2’ என்ற ரகமாக வெளியிடப்பட்டது. இன்று சிற்றூர்க் கொட்டகைகளில் அது வருமானம் தருகிறது. புற்றுக்காளானை மட்டும் காடுதான் கொடுக்க வேண்டும்.

மண்ணில் நடக்கும் வேலை தண்ணீரிலும் நடக்கிறது. காவிரியில் விழும் நீர்மருது இலை அப்படியே மேட்டூருக்குப் போய்ச் சேர்வதில்லை. நீரில் வாழும் தனி வகைப் பூஞ்சைகள் அதில் பற்றிக்கொண்டு மென்மையாக்குகின்றன. அதன் பிறகுதான் நீர்ப்பூச்சிகளுக்கு அந்த இலை தின்னத் தகுந்ததாகிறது. பூச்சிக்குப் பின்னால் மீன் வருகிறது. இங்கிலாந்தில் சி.டி.இங்கோல்ட் 1942இல் இவற்றை விரிவாக விளக்கினார். இவற்றின் வித்துகளில் பல நான்கு கைகளை விரித்த வடிவம். நீரோட்டத்தில் இலையின் மேல் சிக்கிக்கொள்ள வசதியானது. மங்களூரில் கே.ஆர்.ஸ்ரீதர் குழுவினர் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் இவற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த வித்துகளைத் தேடுபவர்கள் முதலில் அள்ளிப் பார்ப்பது ஓடையில் திரளும் நுரையை. ஒகேனக்கல்லில் பரிசலில் போகும்போது பாறையிடுக்கில் ஒதுங்கிக் கிடக்கும் நுரையைப் பார்த்து நாம் முகம் சுளிக்கிறோம். அதில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், கல்லூரி மாணவர்களுக்கு அது நல்ல பாடம்.

வேருக்கு வருவோம். தருமபுரி விவசாயிகளுக்கு ‘வேம்’ என்ற வேர்ப்பூஞ்சையைத் தெரியும். உயிர் உரம் என்று பாக்கெட்டில் வாங்கி நாற்றங்காலில் போடுகிறார்கள். காட்டில் அதை யாரும் போடுவதில்லை. அங்கே அது ஏற்கெனவே இருக்கிறது. செம்மண்ணில் இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்து தானாக நகராது. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் உள்ளதை உறிஞ்சி முடித்ததும் பட்டினி. வேருக்குள் குடியிருந்தபடி வெளியே இழை நீட்டும் வேர்ப்பூஞ்சை, பல சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் சத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. பதிலுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்கிறது. சித்தேரியின் சாமைப் பயிரிலிருந்து காட்டுப் புளியமரம் வரை, நிலத் தாவரங்களில் பத்தில் ஏழெட்டு இந்த ஏற்பாட்டில்தான் வாழ்கின்றன. ஸ்காட்லாந்தில் கிடைத்த சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான தாவரப் புதைபடிவத்திலேயே இது தெரிகிறது. செடி கரையேறியபோதே பூஞ்சையோடுதான் ஏறியிருக்கிறது. உலகத் தாவரங்கள் வேர்ப்பூஞ்சைகளுக்கு ஆண்டுதோறும் ஒப்படைக்கும் கரிமம் 1,300 கோடி டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்று 2023இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நிலக்கரி, பெட்ரோல் எரித்து மனிதர்கள் ஆண்டுக்கு வெளியிடுவதில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதில் எவ்வளவு மண்ணில் நிலைக்கிறது என்பது வேறு கேள்வி.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பூஞ்சை இழை வழியாக மரங்கள் பேசிக்கொள்கின்றன, தாய்மரம் பிள்ளை மரத்துக்குப் பாலூட்டுகிறது என்ற வகைக் கதைகள் இப்போது நிறைய உலவுகின்றன. கனடாவில் சுசான் சிமார்ட் 1997இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில் தொடங்கியது இது. அந்த ஆய்வு மதிக்கத்தக்கது; அதன் மேல் கட்டிய கதைகள் அளவு மீறியவை. ஜஸ்டின் கார்ஸ்ட்டும் இரு சகாக்களும் 2023இல் எல்லா ஆதாரங்களையும் அலசி, காட்டுச் சூழலில் இதற்கான சான்று மெலிதாகவே இருக்கிறது என்று காட்டினார்கள். மேலும், அந்த ஆய்வுகள் குளிர்நாட்டுக் காடுகளில் உள்ள வேறு வகை வேர்ப்பூஞ்சைகளைப் பற்றியவை. உசிலைக்கும் வேங்கைக்கும் அதை அப்படியே ஒட்டிவைப்பது சரியல்ல. மெய்யாக நடப்பதே போதுமான அதிசயம். பொய் சேர்க்க வேண்டியதில்லை.

நம் வறண்ட காடுகளைப் பற்றி நம்மவர்கள் செய்த ஆய்வு ஒன்று எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. சென்னையைச் சேர்ந்த பூஞ்சையியலாளர் டி.எஸ்.சூரியநாராயணன், மரங்களின் பச்சை இலைக்குள் எந்த நோயும் உண்டாக்காமல் குடியிருக்கும் பூஞ்சைகளைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவருபவர். இலை விழுந்ததும் அதை மட்கவைக்க முதல் ஆளாக நிற்பதும் இந்தக் குடியிருப்பாளர்களில் சில. அவரது குழு மேற்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட காட்டுச் சருகிலிருந்து எடுத்த சில பூஞ்சைகளின் வித்துகள், 100 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட உலர் வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைத்த பின்னும் முளைத்தன. 2011இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பில் அவற்றை ‘அக்னியின் பூஞ்சைகள்’ என்று அழைத்திருந்தார்கள். கோடைத் தீ வழக்கமான காட்டில், அதையும் தாங்க ஒரு கூட்டம் உருவாகியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, தீ வைத்தால் ஒன்றும் ஆகாது போலிருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. தாங்குபவை சில இனங்கள், தாங்காதவை ஏராளம். தீக்குப் பிறகு பூஞ்சை இனங்களின் எண்ணிக்கையும் வேரில் அவற்றின் குடியேற்றமும் குறைகின்றன, பழைய நிலைக்குத் திரும்பப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது என்பதே உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவு. பிப்ரவரி முதல் மே வரை, தீர்த்தமலையிலிருந்து ஒகேனக்கல் வரை எங்காவது ஒரு சரிவில் புகை எழாத ஆண்டு இல்லை. புல் தழைக்கும் என்று வைப்பது, பாதை தெரிய வைப்பது, வீசிய பீடித் துண்டு. ஒரே சரிவு அடுத்தடுத்த கோடைகளில் எரிந்தால், பத்தாண்டுத் தவணை கேட்கும் உயிருக்கு ஓராண்டுகூடக் கொடுக்கவில்லை என்று பொருள். தீ அணைந்த பிறகு எத்தனை ஹெக்டேர், எத்தனை மரம் என்று அறிக்கை எழுதுகிறோம். மரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. போனது சருகு, சருகோடு அதில் வாழ்ந்த அத்தனையும். அந்த அறிக்கையில் ‘சேதம் இல்லை’ என்ற வரி எளிதாக விழுந்துவிடுகிறது.

பட்ட மரத்தின் மீதும் நமக்குப் பொறுமை இல்லை. காய்ந்த மரம் நின்றால் கண்ணை உறுத்துகிறது. விழுந்து கிடந்தால் விறகாகத் தெரிகிறது. மலைக் கிராமத்துப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுபோகும் சுள்ளியை நான் சொல்லவில்லை; அது காட்டுக்குப் பெரிய இழப்பல்ல. ‘துப்புரவு’ என்ற பெயரில் பருத்த கட்டைகளை மொத்தமாக அகற்றுவதுதான் பிரச்சினை. மரத்தின் உள்வைரத்தைப் பூஞ்சை அழுகவைத்தால்தான் பொந்து உண்டாகிறது. அது மென்மையாக்கிய மரத்தைத்தான் மரங்கொத்தி தேர்ந்து குடைகிறது. அது விட்டுப்போன பொந்தில் கிளியும் மைனாவும் ஆந்தையும் குடும்பம் நடத்துகின்றன. பொந்து இல்லாத காடு இளந்தோப்புதான்.

யானைச் சாணத்தில்கூட ஒரு தனி உலகம் இயங்குகிறது. சாணத்தில் முளைக்கும் ‘பைலோபோலஸ்’ என்ற பொடிப் பூஞ்சை, தன் வித்துப் பொதியை இரண்டு மீட்டர் தூரம் எறிகிறது. சாணத்தின் அருகில் உள்ள புல்லை விலங்குகள் மேய்வதில்லை என்பதால், மேயும் புல்லில் போய் ஒட்டிக்கொள்வதற்காக. ஆடு, மாடு, மான் வயிற்றுக்குள் நாரை உடைக்கும் பூஞ்சைகள் இருப்பதைக் காலின் ஆர்பின் 1975இல் கண்டுசொல்லும் வரை, காற்றில்லாத இடத்தில் பூஞ்சை வாழாது என்றே அறிவியல் நம்பியிருந்தது.

இந்தக் கூட்டத்தில் நம் அடுக்களைக்குத் தெரிந்த ஒருவரும் உண்டு. பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் மணம் கொடுக்கும் கல்பாசி, பாசி அல்ல. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். அதைக் கட்டி நிற்பது பூஞ்சை. சமைத்துப் போடுவது பாசி. மரப்பட்டையிலும் பாறையிலும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். கடையில் சின்னப் பாக்கெட்டாக வாங்கும் கல்பாசி பல ஆண்டு வளர்ச்சி. சுரண்டி எடுப்பவருக்குக் கிடைப்பதற்கும் நாம் கொடுக்கும் விலைக்கும் உள்ள தூரம் தனிக் கட்டுரைக்கான விஷயம்.

காளானைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் பல்கலைக்கழகங்களில் மட்டும் இல்லை. சித்தேரி, வத்தல்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகள், பென்னாகரம் பக்கத்து இருளர்கள் போன்ற காட்டோரச் சமூகங்களுக்கு எந்த இடி மழைக்குப் பிறகு எந்தப் புற்றில் பார்க்க வேண்டும், எது சோற்றுக்கு ஆகும், எதைத் தொடக் கூடாது என்பது கண்ணோடு வந்த அறிவு. அந்தக் கண் இல்லாதவர்கள் காட்டுக் காளானைத் தின்று பார்க்கக் கூடாது. வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், மஞ்சள்தூள் நிறம் மாறினால் விஷம், பூச்சி தின்றிருந்தால் நாமும் தின்னலாம் என்பவை எதுவும் உண்மை இல்லை. மழைக்குப் பின் புல்வெளியில் வெள்ளைக் குடையாக விரியும் பச்சைச் செவுள் காளான் பார்க்க நல்ல காளானைப் போலவே இருக்கும். தின்றால் வாந்தி பேதியோடு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும்.

அந்த அறிவை எழுதிவைக்க வேண்டும் என்றால் அவர்கள் மனம் திறந்து பேச வேண்டும். இந்த மாவட்டத்தில் அது அவ்வளவு எளிதல்ல. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வாச்சாத்திப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்த அரசுத் துறையினர் செய்த வன்கொடுமையை யாரும் மறக்கவில்லை. 2011இல் தருமபுரி நீதிமன்றம் வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறையைச் சேர்ந்த 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. காட்டை மரத்தின் விலையாக மட்டும் பார்த்ததன் கடைசி எல்லை அது. காட்டின் சின்ன உயிர்களை அறிந்தவர்களைக் கூலிக்கு வழிகாட்டியாக அல்ல, அறிவுக்கு உரியவர்களாக நடத்தினால்தான் இந்தப் பட்டியல் உருவாகும்; பட்டியலில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும்.

சட்டத்தைப் பார்ப்போம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் விலங்குகள் உண்டு, சில தாவரங்கள் உண்டு. ஒரு பூஞ்சைகூட இல்லை. 2022 திருத்தத்திலும் வரவில்லை. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் தாவரம், விலங்கு, நுண்ணுயிர் என்று பிரிக்கிறது. முழக் காம்போடு எழும் புற்றுக்காளான் இந்த மூன்றில் எது? 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், சிறு வனப்பொருள் என்பதைத் தாவரத்திலிருந்து கிடைக்கும் மரமல்லாத பொருள்கள் என்று வரையறுக்கிறது. ஆனால் தொடர்ந்து தரும் பட்டியலில் தேன், மெழுகு, அரக்கு எல்லாம் இருக்கின்றன. இவை பூச்சி தருபவை. தேனுக்கு இடம் கொடுத்த சட்டத்தில் காளானுக்கும் கல்பாசிக்கும் இடம் இருக்கிறது என்றுதான் படிக்க வேண்டும். அதை மாநில அரசு ஒரு விளக்கச் சுற்றறிக்கையில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், ஒரு கூடைக் காளானுக்காக யாரும் வனக்காவலரிடம் கைகட்டி நிற்க வேண்டியிருக்காது.

வேறு நாடுகள் முந்திக்கொண்டன. சிலி 2010இலேயே தன் சுற்றுச்சூழல் சட்டத்தில் பூஞ்சைகளைச் சேர்த்தது. ஜூலியானா ஃபுர்ச்சி என்ற பெண்மணியின் விடாப்பிடியான முயற்சி அதற்குப் பின்னால் இருந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 2025 மார்ச்சில் பூஞ்சைகளின் எண்ணிக்கை 1,300ஐ எட்டியது; மதிப்பிடப்பட்டவற்றில் 411 அழியும் ஆபத்தில் இருக்கின்றன. பட்டியலில் பெரும்பகுதி ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சேர்ந்தது. நம் காட்டுப் பூஞ்சைகளுக்கு ஆபத்து இல்லை என்பதல்ல இதன் பொருள். பார்க்க ஆள் இல்லை என்பதுதான்.

தமிழ்நாட்டில் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக்கக் கோடிக்கணக்கில் கன்று நடுகிறோம். நட்டது எத்தனை என்று விளம்பரம் வரும்; பிழைத்தது எத்தனை என்று வராது. தண்ணீர்ப் பற்றாக்குறை ஒரு காரணம். மண்ணில் துணை இல்லாதது இன்னொரு காரணம். போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் மரத்தை வளர்க்கப் பலமுறை முயன்று கன்றுகள் மஞ்சள் பூத்து மாண்டன. 1950களில் அமெரிக்கப் பைன் காட்டிலிருந்து கொஞ்சம் மண் கொண்டுவந்து வேரில் போட்ட பிறகே மரமாயின. நெதர்லாந்தில் பாழ் நிலங்களில் இயற்கைப் புல்வெளி மண்ணையும் புதர்க்காட்டு மண்ணையும் மெல்லிய அடுக்காகப் பரப்பியபோது, எந்த மண்ணைப் போட்டார்களோ அந்த வகைத் தாவரங்களே தழைத்தன. அந்த ஆய்வு 2016இல் வெளியானது. நம் நாற்றங்கால்களில் பாலிதீன் பையில் நிரப்பும் மண் எங்கிருந்து வருகிறது? அதே காட்டின் மேல்மண்ணில் ஒரு கைப்பிடி, அதுவும் காயம் படாத அளவில் எடுத்து, பையில் கலந்தாலே பெரிய செலவில்லாமல் ஒரு சோதனையைத் தொடங்கலாம். எங்கோ பெருக்கிய ‘வேம்’ பாக்கெட்டைக் காட்டில் கொட்டுவதைவிட இது மேல்.

மேலே சொன்னவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. தருமபுரி, அரூர் வனக்கோட்டங்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை எழுதும் செயல்திட்டத்தில் பூஞ்சைகளுக்கு ஒரு பகுதி ஒதுக்க வேண்டும். 2014இலும் 2022இலும் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு, காவிரி தெற்கு சரணாலயங்களின் மேலாண்மைத் திட்டங்களிலும் அதைச் சேர்க்க வேண்டும். சில நிரந்தரக் கண்காணிப்புத் திடல்களைக் குறித்து, தென்மேற்கு மழையிலும் வடகிழக்கு மழையிலும் மாவட்டத்துக் கல்லூரி மாணவர்களும் மலைக் கிராமத்தவரும் சேர்ந்து பதிவுசெய்யலாம். அடையாளம் காணச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பூஞ்சையியல் மரபு இருக்கிறது. ஊராட்சிகளின் மக்கள் பல்லுயிர் பதிவேடுகளில் காளானுக்கும் கல்பாசிக்கும் தனிப் பக்கம் திறக்கலாம். தீக்குப் பிந்தைய அறிக்கையில் சருகுப் படுகையின் இழப்பையும் எழுதலாம். பருத்த பட்ட மரங்களை ஆபத்தில்லாத இடங்களில் விட்டுவைக்கும்படி ஓர் உத்தரவு போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இரண்டு வனக்கோட்ட அலுவலர்களும் மாவட்ட ஆட்சியரும் ஒரு மேசையில் உட்கார்ந்து இதை முடிவுசெய்தால், இந்த அக்டோபரிலேயே முதல் பட்டியலை எழுதத் தொடங்கிவிடலாம்.